நாளைக் காலை எந்த ஊரில்?

துப்பறிகிறவர் என்றால் நீளக் கோட்டும் சுருட்டுமாக ஒருவர் வந்து இறங்குவார் என்று காத்திருப்பவர்கள், அண்ணியைப் பார்த்ததும் ஏமாந்துதான் போவார்கள். ஐம்பதைத் தாண்டிய உடம்பு, கயிறு கட்டிய மூக்குக் கண்ணாடி, தோளில் ஒரு துணிப்பை. பைக்குள் துப்பாக்கி கிடையாது. தண்ணீர் பாட்டிலும் மூட்டுவலித் தைலமும்தான். கூடவே அலையும் உதவியாளன் அவருடைய சொந்தக் கொழுந்தன். அவன் மூச்சுக்கு மூச்சு அண்ணி அண்ணி என்று கூப்பிட்டதில், இப்போது இன்ஸ்பெக்டர்கள்கூட அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்.

கொழுந்தனுக்கு நாற்பது வயது. வாயாலேயே மூன்று வேலைகளைத் தொலைத்தவன். அந்த வாயைச் சகித்துக்கொள்ள உலகத்தில் ஒரே ஒரு ஆள்தான் உண்டு என்று புரிந்துகொண்டு அண்ணியிடம் வந்து ஒட்டிக்கொண்டான்.

அன்று காலை அவர்கள் போய் இறங்கிய கட்டடத்தின் வாசலை ஒரு வேன் அடைத்துக்கொண்டு நின்றது. கூலியாட்கள் இரும்பு பீரோ, சுழல் நாற்காலி, சுருட்டிய கம்பளம் என்று வரிசையாகக் கீழே கொண்டுவந்து ஏற்றிக்கொண்டிருந்தார்கள். லிஃப்டுக்குள் ஏற்கெனவே ஒருவர் இருந்தார். வெள்ளைச் சட்டை, படிய வாரிய தலை, குழந்தையைத் தூங்க வைக்கிற மாதிரிக் குரல். கையில் மடக்கிய ஒரு புத்தம்புது வீல்சேர், உறை கூடப் பிரிக்கவில்லை.

"எந்த மாடிங்க?"

"அஞ்சு," என்றார் அண்ணி.

"கால் சென்டரா? கடிகாரம் சார் விஷயமா வந்தீங்களா?" அவர் முகத்தில் வருத்தம் வந்து உட்கார்ந்தது. "பாவம் அந்த மனுஷன். அவர் பொண்ணுக்கு வெளிநாட்டு வேலை, விசா எல்லாம் பார்த்து அனுப்பி வச்சதே நான்தான். நாலாவது மாடியில என் ஆபீஸ். அந்த ஊர்ல எனக்கு ஆளுங்க இருக்காங்க, பொண்ணைத் தேடச் சொல்லியிருக்கேன். ஆனா இப்ப அங்கே நடுராத்திரி. சாயங்காலம் வரைக்கும் பொறுமையா இருக்கச் சொல்லுங்க. எம்பஸி, போலீஸுன்னு ஓடினா பொண்ணோட விசாவுக்குத்தான் ஆபத்து."

"ஆபீஸைக் காலி பண்றீங்களா?" என்று கேட்டான் கொழுந்தன்.

"ரிப்பேர் வேலை. சாமானையெல்லாம் குடோனுக்கு அனுப்பறேன்."

"வீல்சேர்?"

"வீட்டுல அம்மாவுக்கு. டெலிவரிக்காரன் ஆபீஸ் அட்ரஸுக்குக் கொண்டுவந்துட்டான்."

நாலாவது மாடியில் கதவு திறந்தது. வாசலில் 'பராமரிப்புப் பணி நடக்கிறது' என்ற பலகை. வீல்சேரின் சக்கரம் கதவிடுக்கில் மாட்டிக்கொள்ள, கொழுந்தன் வெளியே இறங்கி, சுவரில் முதுகைச் சாய்த்து இழுத்து விட்டான். லிஃப்டுக்குள் திரும்பியதும் அவனுக்குத் தன் கறுப்புச் சட்டையைப் பற்றிய கவலை வந்துவிட்டது. கண்ணாடியில் முதுகைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"ஒண்ணும் ஒட்டலை, வா," என்றார் அண்ணி.

அவன் பார்வை கண்ணாடிக்குக் கீழே இருந்த அறிவிப்புக்குப் போனது. "'தீ மணி அடித்தால் லிஃப்ட் அடுத்த மாடியில் நின்றுவிடும்.' ஆபத்துன்னு சொன்னா முதல்ல இதுதான் கைவிடும் போலிருக்கு அண்ணி. நம்ம சொந்தக்காரங்க மாதிரி."

அண்ணி சிரிக்கவில்லை. பெண் காணாமல் போன விஷயமாகப் போகும்போது அவருக்குச் சிரிப்பு வராது.

ஐந்தாவது மாடி முழுக்க ஒரே கூடம். வரிசை வரிசையாக மேஜைகள், தலையில் ஹெட்செட் மாட்டிய நூறு பேர், நூறு வாய். "உங்க பாலிசி முடியப் போகுதுங்க," "ஒரு நிமிஷம் பேசலாமாங்க," என்று ஒரே பாட்டை நூறு விதமாகப் பாடிக்கொண்டிருந்தார்கள். வெளிநாடுகளில் போய் வேலை பார்க்கும் நம் ஆட்களைக் கூப்பிட்டு மருத்துவ இன்ஷூரன்ஸைப் புதுப்பிக்கச் சொல்கிற வேலை. சுவரில் பத்துப் பன்னிரண்டு கடிகாரங்கள், ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு நேரம். அவற்றுக்கு அடியில் கண்ணாடித் தடுப்புக்குள் உட்கார்ந்திருந்தவர்தான் அவர்களைக் கூப்பிட்டு அனுப்பியவர்.

எந்த ஊர்க்காரரை எந்த நேரத்தில் கூப்பிடலாம் என்று அட்டவணை போடுவது அவர் வேலை. உலகத்தில் எந்த மூலையில் இப்போது மணி என்ன என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்லுவார். அதனால்தான் கடிகாரம் என்று பேர். இரண்டு கையிலும் வாட்ச் கட்டியிருந்தார். இடது கையில் இந்த ஊர் நேரம், வலது கையில் மகள் இருக்கும் ஊர் நேரம். சவரம் செய்யாத முகம். சட்டைப் பொத்தானை ஒன்று மாற்றி ஒன்று போட்டிருந்தார்.

"உட்காருங்க மேடம். இப்ப அவளுக்கு ராத்திரி. விடியறதுக்கு இன்னும் நேரம் இருக்கு. விடிஞ்சா கொண்டு போயிடுவாங்க மேடம். அதுக்குள்ள ஏதாவது பண்ணுங்க."

"முதல்லேருந்து சொல்லுங்க சார். அவசரத்துல விட்டுடாதீங்க."

அவர் ஒரு மடக்குத் தண்ணீர் குடித்துவிட்டுச் சொன்னார். இங்கே யாரும் கையால் நம்பர் போடுவதில்லை. டயலர் என்கிற கம்ப்யூட்டர், பட்டியலில் இருக்கிற நம்பர்களைத் தானாகவே கூப்பிடும். எடுத்தால், சும்மா இருக்கிற ஒரு ஹெட்செட்டுக்கு மாற்றிவிடும். அந்தந்த ஊரில் காலை ஒன்பதுக்கு முன்னால் யாரையும் எழுப்பக் கூடாது என்பது சட்டம். அட்டவணை சரியாக ஓடுகிறதா என்று பார்க்க, ஒவ்வொரு ஊர்ப் பட்டியலின் தொடக்கத்திலும் தெரிந்தவர் ஒருவரின் நம்பரை டெஸ்ட் நம்பராகப் போட்டு வைப்பார்கள்.

"அந்த ஊர்ல எனக்குத் தெரிஞ்சது என் பொண்ணு மட்டும்தான். நர்ஸா இருக்கா. தாயில்லாத பொண்ணு. அவ நம்பரைத்தான் போட்டு வச்சேன். தினம் அங்கே காலை ஒன்பது அடிச்சதும் முதல் ரிங் அவளுக்குத்தான் போகும். ரெண்டு ரிங் விட்டு கட் பண்ணிடுவா. அவ கட் பண்ணிட்டான்னா நல்லா இருக்கான்னு அர்த்தம். எங்களுக்குள்ள ஒரு விளையாட்டு மேடம், மூணு வருஷமா. முந்தாநாள் போன் ஆஃப்ல இருந்துது. டியூட்டி மாறியிருக்கும்னு விட்டுட்டேன். நேத்து…"



"நேத்து கட் பண்ணலை," என்று முடித்துக் கொடுத்தார் அண்ணி.

"எடுத்துட்டா."

நேற்று இங்கே பொழுது சாய்கிற நேரம், அங்கே காலை. டயலர் அந்த அழைப்பை ஒரு பெண்ணின் ஹெட்செட்டுக்குத் தள்ளியது. மகள் பேசினாள், உதவி கேட்டாள், பாதியில் போன் அணைந்துபோனது. அப்போதிலிருந்து கடிகாரம் சார் கதவு கதவாகத் தட்டுகிறார். போலீஸ் ஸ்டேஷனில் அது அந்த ஊர் விவகாரம் என்றார்கள். எம்பஸியில், எழுதிக் கொடுங்கள், மறுநாள் பார்க்கலாம் என்றார்கள். மகளோடு தங்கியிருக்கும் பெண்ணுக்கு நைட் ஷிஃப்ட், பகலில் போனை அணைத்துவிட்டுத் தூங்குகிறவள், ராத்திரி அதைப் பூட்டி வைத்துவிட்டுப் போகிறவள்.

"உலகத்துல எல்லாரையும் எப்ப எழுப்பலாம்னு எனக்குத் தெரியும் மேடம். இப்ப அந்த ஊர்ல ஒரு ஆளைக்கூட என்னால எழுப்ப முடியலை. எல்லாரும் தூங்கறாங்க. அவ மட்டும் முழிச்சுட்டு இருப்பா."

 

நேற்று அந்த அழைப்பில் பேசிய பெண்ணை வரவழைத்தார்கள். இருபத்தைந்து வயதுக்குள் இருக்கும். ராத்திரி முழுக்க அழுதிருக்கிறாள் என்று இமை சொல்லியது.

"ரெக்கார்டிங் இருக்கா?" என்று கேட்டார் அண்ணி.

"எல்லா காலும் பதிவாகும் மேடம். போலீஸுக்கும் ஸ்பீக்கர்ல போட்டுக் காட்டினோம். பத்து தடவை கேட்டோம்."

"எனக்கு இந்தச் சந்தைக்கடைச் சத்தத்துல ஸ்பீக்கர் வேண்டாம். இயர்போன் கொடுங்க."

ஒரே ஒரு இயர்போன்தான் கிடைத்தது. கொழுந்தன் இடது காதுக் குமிழை உரிமையோடு எடுத்துக்கொண்டான். "பஸ்ஸுல காதலர்கள் கேக்கற மாதிரி இருக்கு அண்ணி. அண்ணன் பார்த்தா வருத்தப்படுவார்."

"உங்க அண்ணனுக்கு வருத்தம் வந்து நான் பார்த்ததில்லை. போடும்மா."

வலது குமிழை அண்ணி காதில் அழுத்திக்கொண்டார். முதலில் வெறும் மூச்சு. அப்புறம் தொண்டை வறண்ட ஒரு குரல், போதையில் பேசுவது போலக் குழறிக் குழறி.

"கட் பண்ணாதீங்க. தயவுசெஞ்சு கட் பண்ணாதீங்க… அப்பா ஆபீஸ்தானே? என்னை ஒரு ரூம்ல பூட்டி வச்சிருக்காங்க. எங்கேன்னு தெரியலை. ஜன்னல் இல்லை. எதையோ குடிக்க வைக்கறாங்க, தூக்கம் தூக்கமா வருது. போன் திரை உடைஞ்சிருச்சு, தொட்டா வேலை செய்யலை. இயர்போன் பட்டனை அமுக்கி எடுத்தேன். சார்ஜ் போகப் போகுது… நாளைக்குக் காலைல வேற இடத்துக்குக் கொண்டு போறாங்களாம், வெளிய பேசிக்கிட்டாங்க. அப்பாகிட்ட சொல்லுங்க…"

சின்ன இடைவெளி. அப்புறம் அந்தக் குரல் எதற்கோ பதில் சொல்ல ஆரம்பித்தது. ஆனால் பதில் என்னவென்று கேட்கவில்லை. காதைக் கிழித்துக்கொண்டு ஒரு மணி அடித்தது. நீளமாக அடித்து, நடுவில் இருமுவது போலத் திக்கி, மறுபடி நீளமாக. மணி ஓய்ந்தபோது "ஹலோ, ஹலோ, கேக்குதா," என்ற அலறல். பிறகு ஒன்றுமில்லை.

அண்ணி குமிழைக் கழற்றினார். "இந்தப் பாழாப்போன பெல் பேரையே முழுங்கிடுச்சு."

"எந்த பெல்?" என்றான் கொழுந்தன்.

"காது செவிடாகற மாதிரி அடிச்சுதே."

"எனக்கு எந்த பெல்லும் அடிக்கலையே அண்ணி. இந்தப் பொண்ணு குரல் மட்டும்தான் வந்துது. பாலிசி பத்திப் பேச ஆரம்பிச்சு, நடுவுல ஐயோன்னுச்சு, அப்புறம் 'யாரு பூட்டி வச்சாங்க, பேர் சொல்லுங்க'ன்னு கேட்டுச்சு. அதோட கப்சிப். கல்யாண வீட்டுல கோவிச்சுக்கிட்ட மாப்பிள்ளை மாதிரி, ஒரு சத்தமும் இல்லை."

அண்ணி அவனையே பார்த்தார். அப்புறம் அந்தப் பெண்ணைப் பார்த்தார்.

"ரெக்கார்டிங்ல ரெண்டு பேர் குரலும் தனித்தனியாவா பதிவாகும்?"

"ஆமா மேடம். நாங்க பேசறது இடது காது, கஸ்டமர் பேசறது வலது காது. ஸ்பீக்கர்ல போட்டா ரெண்டும் கலந்துடும்."

"பெல் அடிச்சதும் நீ ஏன் பேசலை?"

 "மியூட் போட்டுட்டேன் மேடம். இது எங்க பில்டிங்கோட தீ மணி. வாரத்துக்கு ஒரு நாள் வாட்ச்மேன் அடிச்சுப் பார்ப்பார். கஸ்டமர் பயந்துடக் கூடாதுன்னு, பெல் சத்தம் கேட்டதும் மியூட் பட்டனை அமுக்கணும்னு ரூல். சேர்ந்த முதல் நாள்லேருந்து பழக்கம். விரல் தானா போயிடுச்சு. அவங்க ஹலோ ஹலோன்னு கத்தறாங்க, நான் இங்கே மியூட்ல பேசிட்டு இருந்திருக்கேன்…" அவள் முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

"அழாதே. உன் விரல் நல்ல காரியம்தான் பண்ணியிருக்கு." அண்ணி எழுந்துவிட்டார். மூட்டுவலி இருக்கிற ஆள் அவ்வளவு வேகமாக எழுந்து கொழுந்தன் பார்த்ததில்லை. "சார், நீங்க பத்து தடவை கேட்டீங்களே. இந்த பெல் உங்களுக்குக் கேக்கலையா?"

"கேட்டுச்சு மேடம். நம்ம பெல்தானே, எப்பவும் அடிக்கறதுதானேன்னு…"

"நம்ம பெல்தான். ஆனா இவ மியூட்ல இருந்தா. இவ பக்கத்துலேருந்து ஒரு சத்தமும் போகவும் இல்லை, பதிவாகவும் இல்லை. அப்ப என் காதுல அடிச்ச பெல் எங்கேருந்து வந்துது?"

கடிகாரம் சார் ஹெட்செட் பெண்ணைத் திரும்பிப் பார்த்தார்.

"இங்கே பெல் அடிச்சதாலதான் இவ மியூட்டை அமுக்கினா. சரியா அதே நேரத்துல, உங்க பொண்ணு பக்கத்துல, பேச்சையே அமுக்கற அளவுக்குக் கிட்டத்துல, அதே பெல் அடிச்சிருக்கு. இருமல் உட்பட. சார், உங்க பொண்ணு அந்த ஊர்ல இல்லை. இந்தக் கட்டடத்துல இருக்கா."

கூடத்தில் நூறு பேரும் பேசிக்கொண்டேதான் இருந்தார்கள். 

கடிகாரம் சார் மெதுவாகச் சுவர்ப் பக்கம் திரும்பினார். கடிகாரங்களுக்குக் கீழே பெரிய எழுத்தில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. 'நம்பரைப் பார்த்து ஊரை முடிவு செய்யாதீர்கள். நம்பர் காட்டுவது சிம் வாங்கிய ஊரை. ஆள் இப்போது எங்கேயும் இருக்கலாம்.' எப்போதோ ஊர் மாறிப்போன ஒரு வாடிக்கையாளரைப் பழைய நம்பரை நம்பி நடுச்சாமத்தில் எழுப்பி, அவர் பரம்பரையையே திட்டித் தீர்த்த பிறகு ஒட்டியது.

"நான் எழுதினது மேடம். புதுசா வர்ற ஒவ்வொருத்தருக்கும் நான்தான் இதைப் படிச்சுக் காட்டுவேன். என் பொண்ணு நம்பருக்கு மட்டும்…"

சொல்லிக்கொண்டே வந்தவர் சட்டென்று நின்றார். வலது கை வாட்சைப் பார்த்தார். பிறகு இடது கை வாட்சைப் பார்த்தார். 

"மேடம், அவ இங்கே இருந்தா… அவ சொன்ன நாளைக்குக் காலை…"

"இந்த ஊர் காலை," என்றார் அண்ணி. "இப்ப."

நேற்று சாயங்காலத்திலிருந்து அந்த மனிதர் மகளுடைய நேரத்தை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இன்னும் அவளுக்கு விடியவில்லை, இன்னும் நேரம் இருக்கிறது என்று. விடிந்து வெகுநேரமாகியிருந்தது.

"எந்த மாடி?" கொழுந்தன் கதவருகில் போய் நின்றுகொண்டான்.

"மத்த மாடியில எல்லாம் என்ன இருக்கு?"

"ஒண்ணுல பேங்க். ரெண்டுல பல் டாக்டர். மூணுல கம்ப்யூட்டர் கிளாஸ். எல்லாத்துலயும் ஆள் புழக்கம்," என்றாள் ஹெட்செட் பெண்.

"நாலுல ரிப்பேர்," என்ற கொழுந்தன் தன் முதுகைத் தடவிப் பார்த்தான். "அண்ணி, ரிப்பேர் நடக்கற இடத்துச் சுவத்துல கறுப்புச் சட்டையோட சாய்ஞ்சேன். ஒரு பொட்டு தூசி ஒட்டலையே."

"நான் அப்பவே யோசிச்சிருக்கணும். எல்லா சாமானும் கீழே இறங்குது, அந்த வீல்சேர் மட்டும் மேலே ஏறிச்சு. ஓடு."

படிகளில் கொழுந்தன் முன்னால், கடிகாரம் சார் பின்னால், அண்ணி கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கடைசியில். நாலாவது மாடிக் கதவு திறந்தே கிடந்தது. உள்ளே சாமான் எதுவும் மிச்சமில்லை. கடைசியில் ஒரு ஃபைல் அறை, கதவில் பூட்டு திறந்து தொங்கியது. தரையில் ஒரு பாய், காலி ஜூஸ் டப்பாக்கள். வீல்சேரைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக் உறை. மூலையில் திரை நொறுங்கிய ஒரு போன், அதில் செருகியபடி ஒரு இயர்போன்.

கடிகாரம் சார் போனை எடுத்துத் திருப்பினார். பின்பக்கம் ஒட்டியிருந்த சின்னப் பூ ஸ்டிக்கரைப் பார்த்ததும் அந்தப் பாயிலேயே உட்கார்ந்துவிட்டார். "நான் ஒட்டினது," என்றார். "ஏர்போர்ட்ல. இதுக்கு நேர் மேல என் நாற்காலி இருக்கு மேடம். நேத்து முழுக்க நான் இவ தலைக்கு மேல உட்கார்ந்திருக்கேன்."

"எழுந்திருங்க சார். அப்புறம் அழலாம்."

வெளியே லிஃப்ட் இறங்கிக்கொண்டிருந்தது, அதன் மேலே சிவப்பு எண் மூன்றிலிருந்து மாறப்போனது. கீழே வேன். கொழுந்தன் படியில் பாய்ந்துவிட்டான். ஆனாலும் லிஃப்ட் அவனை முந்திவிடும். வேனின் கதவு சாத்திவிட்டால் அந்தப் பெண் எந்த ஊரின் எந்த நேரத்துக்குப் போவாள் என்று யாராலும் சொல்ல முடியாது.  இத்தனை வருடத் தொழிலில் அண்ணி ஒரு மாடி தூரத்தில் ஒருவரைத் தவறவிட்டதில்லை.

"சார், பெல்லை அடிங்க," என்று கத்தினார்.

கடிகாரம் சாருக்கு ஒரு கணம் புரியவில்லை. புரிந்ததும், லிஃப்டுக்குப் பக்கத்தில் இருந்த சிவப்புப் பெட்டியை வெறுங்கையால் குத்தினார். கண்ணாடி உடைந்தது. கையில் ரத்தம் வந்ததை அவர் கவனிக்கவில்லை.

மணி அடித்தது. நீளமாக அடித்து, நடுவில் இருமி, மறுபடி நீளமாக. மேலே ஐந்தாவது மாடியில் பேச்சுச் சத்தம் ஒரே நொடியில் நின்றது. நூறு விரல்கள் மியூட்டுக்குப் போயிருக்க வேண்டும். லிஃப்டின் எண் இரண்டில் நின்றுவிட்டது.

இரண்டாவது மாடியில் பல் டாக்டருக்காகக் காத்திருந்தவர்கள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார்கள். லிஃப்ட் கதவு திறந்தது. உள்ளே காலையில் லிஃப்டில் பார்த்த விசாக்காரர். அவருக்கு முன்னால் வீல்சேரில் கழுத்து வரை போர்வை போர்த்தி, முகத்தில் மாஸ்க் போட்டு, தலை தொங்கிய ஒரு உருவம்.

"வழி விடுங்க," என்றார் அதே தாலாட்டுக் குரலில். "அம்மாவுக்கு உடம்பு முடியலை. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறேன்."

மூச்சிரைக்க வந்து சேர்ந்த கொழுந்தன் லிஃப்ட் வாசலில் இரண்டு கையையும் விரித்து நின்றான்.

"உங்க அம்மாவுக்கு உங்களைவிட வயசு கம்மியா இருக்கே சார். எந்த ஊர்ல பிறந்தாங்க?"

விசாக்காரர் அவனைத் தள்ளிவிட்டுப் போகப் பார்த்தார். கன்னத்தைப் பிடித்திருந்த ஒருவர் காலை நீட்டினார். அது தற்செயலா, வேண்டுமென்றேவா என்று பிற்பாடு கேட்டபோது, பல்வலியில் எதுவும் ஞாபகமில்லை என்று சொல்லிவிட்டார். விசாக்காரர் விழுந்த இடத்தில் கொழுந்தன் முதுகின் மேல் உட்கார்ந்துகொண்டான்.

பல் டாக்டர் ஓடிவந்து நாடி பார்த்தார். மாஸ்க்கை எடுத்தார்கள். அண்ணி பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்து, அந்தப் பெண்ணின் உதட்டில் கொஞ்சம் கொஞ்சமாக நனைத்தார். அவளுக்குக் கண் பாதிதான் திறந்தது. அப்பா மண்டிபோட்டு முன்னால் இருப்பது தெரிந்ததும் கை எதையோ தேடியது. அவர் ரத்தம் வழியும் கையைக் கொடுத்தார்.

"ஏம்மா, வர்றேன்னு என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலை?"

"சொன்னா நீங்க லிஃப்ட்ல இவர்கிட்ட சொல்லிடுவீங்கப்பா." அவள் நாக்கு இன்னும் குழறியது. "இவர் அனுப்பின பொண்ணுங்க மூணு பேர் அங்கே ஜெயில்ல இருக்காங்க. எல்லாம் பொய் பேப்பர். உங்ககிட்ட சொல்லிட்டு போலீஸுக்குப் போகணும்னு ஏர்போர்ட்லேருந்து நேரா இங்கேதான் வந்தேன். நாலாவது மாடியில லிஃப்ட் கதவு திறந்துது. இவர் நின்னுட்டிருந்தார். அப்பா மீட்டிங்ல இருக்கார், உள்ளே வந்து ஜூஸ் குடிச்சிட்டுப் போன்னு சொன்னார். எனக்கும் தாகமா இருந்துச்சு."

  கொழுந்தன் தனக்குக் கீழே கிடந்த ஆளின் மேல் இன்னும் கொஞ்சம் அழுத்தி உட்கார்ந்தான்.

மணி இன்னும் அடித்துக்கொண்டிருந்தது. வாட்ச்மேனுக்கு அதை நிறுத்தத் தோன்றவில்லை. அந்தச் சத்தத்தில் மகள் ஏதோ முனகினாள். கடிகாரம் சார் காதை அவள் வாயருகே கொண்டுபோனார்.

"நேத்து நான் கட் பண்ணலைப்பா."

"கேட்டுச்சும்மா," என்றார் அவர். "எனக்குத்தான் லேட்டா கேட்டுச்சு."